நித்திய கல்யாணி: அடித்தண்டு கறுப்பது ஏன், பூவை மெல்லலாமா

9 மே 2023, கேள்வி (வேளச்சேரி வாசகி)

நித்திய கல்யாணி எந்த மண்ணிலும் வரும், தண்ணீர் ஊற்றாவிட்டாலும் சாகாது என்று சொல்லித்தான் நர்சரியில் கொடுத்தார்கள். வெள்ளையும் ரோஜா நிறமுமாக வாங்கி வந்த செடிகள் அத்தனையும் ஒரு மாதத்துக்குள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டன. கோடை என்பதால் காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். என் மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது. வெறும் வயிற்றில் தினமும் ஐந்து பூ மென்றால் குறையும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதால்தான் இதை வளர்க்கவே தொடங்கினேன். செடி ஏன் செத்தது? மறுபடி வைக்கலாமா?

9 மே 2023, இரவு

இரு வேளை ஊற்றிய தண்ணீர்தான் காரணம். நித்திய கல்யாணி தாங்குவது வறட்சியை, ஈரத்தை அல்ல. தொட்டி மண் ஓயாமல் நனைந்திருந்தால் பித்தியம், பைட்டோப்தோரா என்னும் பூஞ்சையை ஒத்த நுண்ணுயிரிகள் வேரிலும் தண்டின் அடியிலும் பற்றிக்கொள்கின்றன. இவற்றின் வித்துகள் நீரில் நீந்திச் செல்லக்கூடியவை என்பதால் மண்ணில் தேங்கிய ஈரமே அவற்றுக்கு வழியாகிவிடுகிறது. மேலே வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் மண்ணுக்குள் நடப்பது மாறாது.

செத்த செடியை இன்னும் தூக்கி எறியவில்லை என்றால், மெதுவாகப் பிடுங்கி ஒரு வேரை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பாருங்கள். மேல்தோல் வழுக்கிக் கழன்று கையோடு வந்து, உள்நரம்பு மட்டும் நின்றால் அது வேரழுகல். நல்ல வேர் வெளுத்து விறைப்பாக இருக்கும். இழுத்தால் அறுமே தவிர உரியாது.

மதியத்தில் இலை மடிவதைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் வாளியைத் தூக்குகிறார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் இந்தச் செடி நடுநரம்பை ஒட்டி இலையை மேல்நோக்கி மடித்துக்கொள்ளும். நீரிழப்பைக் குறைப்பதற்கு அது செய்துகொள்ளும் ஏற்பாடு அது. மாலை ஆறு மணிக்கு மறுபடி பாருங்கள். இலை விரிந்திருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். விரியாமல் இருந்து, மண்ணுக்குள் விரலை விட்டாலும் ஈரம் தட்டுப்படவில்லை என்றால் அப்போது நிறைய ஊற்றி, அடித்துளை வழியாக வடியவிட்டு, மண் காயும்வரை தொடாமல் இருங்கள். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் வேர் ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். அந்த நிலையில் ஊற்றும் தண்ணீர் நோயைத்தான் வளர்க்கும்.

மாமியார் பூ மெல்வதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். நாளையோ மறுநாளோ எழுதுகிறேன்.

11 மே 2023

பூவைப் பற்றி. சர்க்கரைக்கு நித்திய கல்யாணி என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டும் இருப்பதல்ல. ஜமைக்காவிலும் இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்திருக்கிறார்கள். அங்கிருந்து 1952இல் கிளார்க் நோபிள் என்ற கனடிய மருத்துவருக்கு ஓர் உறையில் இந்த இலைகள் வந்தன. அவர் அவற்றைத் தம் தம்பி ராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ராபர்ட், இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இரத்தச் சர்க்கரையில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. ஊசி வழியாகச் செலுத்தியபோது எலிகள் கிருமித் தொற்று கண்டு செத்தன. ஆராய்ந்ததில், அவற்றின் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்ததும் எலும்பு மஜ்ஜை நசிந்திருந்ததும் தெரிந்தன.

வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தில் ஆய்வை மூடியிருப்பார்கள். வெள்ளை அணுக்களை இப்படிக் குறைக்கும் ஒரு பொருள், வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு உதவக்கூடும் என்று ராபர்ட் நோபிளும் அவருடன் பணியாற்றிய வேதியியலாளர் சார்லஸ் பீரும் நினைத்தார்கள். இருவரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் என்ற மருந்து 1958இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வபோடாவின் குழு இதே செடியைத் தனியாக ஆராய்ந்து வின்கிரிஸ்டினைப் பிரித்தது. 1963இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான இரத்தப் புற்றுநோயின் சிகிச்சையில் இன்றுவரை அது முதல் வரிசை மருந்து.

இதிலிருந்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். செல் பிரிவதைத் தடுத்து நிறுத்தும் பொருட்கள் இந்தச் செடிக்குள் இருக்கின்றன. மருத்துவமனையில் அவற்றைத் தனியாகப் பிரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். வின்கிரிஸ்டினை ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்காமல் இருப்பது பரவலான வழக்கம். நம் வீட்டுப் பெரியவர் மெல்லும் ஐந்து பூவில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்று அளக்க எவராலும் முடியாது. மண், வயது, வகை, பருவம் எல்லாவற்றுக்கும் ஏற்ப அது மாறும். அவர் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், எந்தப் பொருளால் சர்க்கரை இறங்கியது என்றும் தெரியாது. திடீரென்று மயங்கி விழுந்தால் மருத்துவருக்கும் காரணம் தெரியாது.

12 மே 2023

"இயற்கையானதுதானே, பக்கவிளைவு எப்படி வரும்" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். அரளி, எருக்கு, நித்திய கல்யாணி மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அரளி விதையைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆடுகள் கண்ட செடியையெல்லாம் கடிக்கும் தெருக்களில்கூட நித்திய கல்யாணி தழைத்து நிற்பதற்கு அதன் கசப்புதான் காரணம்.

கர்ப்பிணிகள் இதைத் தொட்டும் பார்க்கக் கூடாதோ என்று ஒரு சகோதரி அஞ்சியிருக்கிறார். தொடுவதால் ஒன்றும் ஆகாது. கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த பிறகு கையைக் கழுவினால் போதும். உள்ளுக்கு எடுப்பதைத்தான் கர்ப்பிணிகள் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

20 மே 2023

வேளச்சேரி வாசகி மறுபடி வைக்கப் போவதாக எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. இந்த முறை நாற்று வாங்காமல் விதையிலிருந்து தொடங்குங்கள் என்பது என் யோசனை. நர்சரி நாற்றுகள் பெரும்பாலும் வெறும் தென்னைநார்க் கழிவில் வளர்ந்து, நிழல்வலைக்கு அடியில் தினமும் நனைந்து பழகியவை. அதை அப்படியே வீட்டு மண்ணில் புதைத்தால், சுற்றியுள்ள மண் காய்ந்த பிறகும் நார் உருண்டை நடுவில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. நாற்றுதான் வேண்டும் என்றால் நடும்போது அந்த நாரை முடிந்தவரை உதிர்த்துவிடுங்கள்.

விதை எளிது. பூ உதிர்ந்த இடத்தில் இரண்டிரண்டாக மெல்லிய காய்கள் மேல்நோக்கி நிற்கும். பச்சை மாறி மஞ்சளோடிய பழுப்புக்கு வரும்போது பறித்து ஒரு காகிதப் பையில் போட்டு வைத்தால், ஒரு பக்கமாக வெடித்துக் கறுப்பு விதைகளை உதிர்க்கும். ஒவ்வொரு விதையின் ஒரு பக்கத்திலும் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பது தெரியும். இந்த விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மேலாகத் தூவிவிட்டு வெளிச்சத்தில் வைத்தால் முளைப்பு குறையும். விதை மறையும் அளவுக்கு மெல்லிய மண் தூவி, முளை எட்டிப்பார்க்கும்வரை மேலே ஒரு சாக்குத் துண்டு போட்டு மூடுங்கள். சென்னைச் சூட்டில் ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். முளைத்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும்; தாமதித்தால் நாற்று வெளுத்து நீண்டு துவளும்.

மண்கலவையில் நான் ஆற்றுமணலைப் பாதிக்குக் குறையாமல் சேர்க்கிறேன். மீதியில் செம்மண் பெரும்பங்கு, மக்கிய ஆட்டெரு ஒரு சிறு பங்கு. கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும், கிடைத்தால் அழுகல் நோயை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியும் கலந்து, ஒரு வாரம் நிழலில் வைத்த பிறகு தொட்டியில் நிரப்புவேன். உரம் அதிகம் போட்டால் இலை பெருத்துப் பூ குறைகிறது. தண்டு நீர்ப்பிடிப்பாகி நோய்க்கும் எளிதில் இடம் கொடுக்கிறது. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தரை கறைபடும் என்று தட்டு வைத்த வீடுகளில் இந்தச் செடி நெடுநாள் நின்று நான் பார்த்ததில்லை.

வெயில் முழுநாளும் வேண்டும். வடக்கு பார்த்த பால்கனியில் உயிரோடு இருக்கும், பூக்காது.

2 ஜூன் 2023

இது சங்க காலத்திலிருந்து நம்மிடம் உள்ள மூலிகை என்று ஒரு நண்பர் உறுதியாக எழுதியிருப்பதால் இந்தக் குறிப்பு. நித்திய கல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. கார்ல் லின்னேயஸ் 1759இல் வின்கா ரோசியா என்று பெயரிட்டார். பின்னர் அது காதராந்தஸ் என்ற பேரினத்துக்கு மாறியது. ஐரோப்பியத் தோட்டங்கள் வழியாகவும் கப்பல்கள் வழியாகவும் வெப்ப நாடுகள் எங்கும் பரவி, நம் மண்ணில் யாரும் நடாமலே வளரும் அளவுக்கு வேரூன்றிவிட்டது. நம் சங்கப் பூக்களில் இதற்கு இடமில்லை. அதனால் இதன் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது. மிளகாயும் அப்படி வந்ததுதான். பழமை சொல்லி உள்ளுக்குச் சாப்பிட வைப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

சுடுகாட்டுமல்லி என்ற பெயரால் வீட்டில் வைக்கக் கூடாது என்று சொல்கிறவர்களிடம் வாதாட வேண்டாம். சுடுகாட்டிலெல்லாம் அது நிற்பதற்குக் காரணம், யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்தில் பூக்கக்கூடிய செடி என்பதுதான்.

20 ஜூன் 2023

நேற்றும் அதற்கு முந்தைய இரவும் பெய்த மழை ஜூன் மாதத்தில் சென்னை அரிதாகக் காண்பது. பள்ளிகளுக்கு விடுமுறை விடும் அளவுக்குக் கொட்டியது. இன்று காலை மாடியில் பார்த்தபோது மணல் மிகுந்த தொட்டிகளில் ஒரு செடியும் தலை சாயவில்லை. வீட்டுக்குப் பின்னால் களிமண் தரையில் தானாக முளைத்த செடிகளில் தண்டின் நடுவில், மண்ணைத் தொடாத உயரத்தில், கரும்பழுப்புத் திட்டுகள் தெரிகின்றன. மே மாதம் அழுகலை வேரோடும் அடித்தண்டோடும் மட்டும் சேர்த்துச் சொல்லியிருந்தேன். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது பைட்டோப்தோரா மேலே ஏறிக் கிளையையும் தாக்கும். திட்டுக்குக் கீழே, நல்ல பச்சைத் தண்டு தெரியும் இடம்வரை வெட்டி எடுத்து வீட்டுக் குப்பையோடு போட்டுவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். தொட்டி மண்ணின் மேல் சிறு ஜல்லி பரப்பினால் தெறிப்பு பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

கலப்பின வகைகளில் கோரா என்பது இந்த நோயைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்டது. விதை விலை அதிகம், அதன் விதையைச் சேமித்து விதைத்தால் அதே குணம் வராது. அகன்ற இதழ், அடர்த்தியான பூ, புதிய நிறங்கள் வேண்டுவோர் வாங்கலாம். எனக்குப் பழைய நாட்டு ரோஜா நிறமும், நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளையும் போதும்.

14 ஜூலை 2023

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும் படத்தை மேடவாக்கம் நண்பர் இட்டிருக்கிறார். இளம் இலைகளில் தொடங்கியிருப்பதால் இது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல. நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிடுவதால், இருக்கும் இரும்பை வேரால் எடுக்க முடிவதில்லை. இந்தச் செடி சற்றே அமிலம் கொண்ட மண்ணை, கார அமிலக் குறியீடு (pH) 5.5 முதல் 6.5 வரை உள்ளதை, விரும்பும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) ஒரு கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளித்தால் புதிய இலைகள் பச்சையாக வரும். ஆனால் அது தற்காலிகம்தான். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதே நிலையான வழி. குறைந்த நீரில் வாழும் செடி என்பதால் ஒரு டிரம் மழைநீர் நெடுநாள் வரும்.

6 ஆகஸ்ட் 2023

ஒரே இரவில் ஒரு செடியின் மேல்பாதி மொட்டையாகிவிட்டது. அடியில் கரும்பச்சை உருண்டைகளாகக் கழிவு கிடந்ததால் தேடிப் பார்த்தேன். விரல் பருமனுக்கு இலைப் பச்சையில் ஒரு புழு, தண்டோடு தண்டாக ஒட்டியிருந்தது. தொட்டவுடன் தலையைக் கீழே குனித்துக்கொண்டது. அப்போது முன்னுடம்பில் வெள்ளை நடுவும் கருநீல விளிம்புமாக இரண்டு பெரிய கண்கள் விரிந்து என்னைப் பார்ப்பது போல் தெரிந்தன. அவை கண்களே அல்ல, பறவைகளை மிரட்டுவதற்கான புள்ளிகள். பக்கவாட்டில் வெண்கோடும் சிறு வெண்புள்ளிகளும், வால் நுனியில் குட்டையான மஞ்சள் கொம்பும் இருந்தன. அரளியையும் நந்தியாவட்டையையும் தின்னும் அரளி பருந்து அந்துப்பூச்சியின் புழு இது.

ஆடு தொடாத இலையை இது தின்று வளர்கிறது. எனக்கு இதைக் கொல்ல மனம் வரவில்லை. தெருமுனையில் வளர்ந்துகொண்டிருந்த அரளிக்கு எடுத்துச் சென்று விட்டேன். செடி மூன்று வாரத்துக்குள் கணுவுக்குக் கணு தளிர் விட்டுத் தேறிவிடும். மருந்தடிக்க எந்தத் தேவையும் இல்லை. மாவுப்பூச்சிதான் உண்மையான தொல்லை, அதை வேப்பெண்ணெய்க் கரைசலில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள்.

17 செப்டம்பர் 2023

வணிகமாகப் பயிரிட முடியுமா என்று செங்கல்பட்டுப் பக்கம் நிலம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ராமநாதபுரம் மாவட்டத்தில் என் தாய்மாமா மானாவாரியில் பயிரிட்டபோது உடனிருந்து பார்த்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். வேறு எதுவும் தாங்காத நிலம் அது. பருவமழை தொடங்கும் முன் உழுது, விதையை அதைப்போல் பத்து மடங்கு மணலோடு கலந்து விதைப்பார். விதை அவ்வளவு சிறியது என்பதால் மணல் கலக்காமல் கையால் சீராக விழாது. நேரடி விதைப்புக்கு எக்டேருக்கு இரண்டரை கிலோ விதை பிடிக்கும். நாற்றங்கால் விட்டு நட்டால் அரைக் கிலோவே போதும். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் விட்டு, மிகுதியான நாற்றுகளைப் பிடுங்கிக் கலைத்துவிடுவார்கள். களை எடுப்பது முதல் இரண்டு மாதங்களுக்குத்தான் பெரிய வேலை.

விதைத்த ஆறாம் மாதம் ஒரு முறையும் ஒன்பதாம் மாதம் இன்னொரு முறையும் இலை உருவுவார்கள். பன்னிரண்டாம் மாதம் தரைக்குச் சற்று மேலே தண்டை வெட்டிக் காயவைத்து உதறினால் மிச்ச இலையும் விதையும் சேரும். பிறகு நிலத்துக்கு நீர் காட்டி உழுது, வேரைப் பொறுக்கி, கழுவி, நிழலில் உலர்த்துவார்கள். வியாபாரி முதலில் கேட்பது வேரைத்தான், ஏனென்றால் அதில் இரத்த ஓட்டக் கோளாறுகளுக்குப் பயன்படும் அஜ்மாலிசின் இருக்கிறது. மானாவாரியில் எக்டேருக்கு ஏறத்தாழ இரண்டு டன் உலர் இலையும் முக்கால் டன் உலர் வேரும் கிடைக்கும் என்பது பொதுக் கணக்கு. பாசனம் இருந்தால் இலை மூன்றரை டன்னையும் வேர் ஒன்றரை டன்னையும் ஒட்டி வரும். லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ நறுமணப் பயிர்கள் ஆய்வு நிறுவனம் நிர்மல், தவல் என்ற வெள்ளைப்பூ வகைகளைப் பயிருக்கென வெளியிட்டிருக்கிறது.

வாங்குபவரை எழுத்தில் உறுதி செய்துகொள்ளாமல் ஓர் ஏக்கரும் விதைக்காதீர்கள். என் மாமா ஒரு வருடம் இலையை உலர்த்திக் கட்டி வைத்த பிறகு வியாபாரி வரவே இல்லை. சாக்கு சாக்காக இலை வீட்டுத் திண்ணையிலேயே பூசணம் பிடித்தது. மல்லிகை, கத்தரி போல மறுநாள் சந்தைக்குக் கொண்டுபோகும் பொருள் அல்ல இது. உங்கள் நிலம் ஏரிப்பாசனத்தில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். தண்ணீர் தேங்கும் நிலம் என்றால் யோசனையையே விட்டுவிடுங்கள்.

19 செப்டம்பர் 2023

டன் கணக்கில் இலை விளையும்போது மருந்து ஏன் விலை உயர்ந்தது என்ற கேள்வி நல்ல கேள்வி. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர் இலை வேண்டும்; வின்கிரிஸ்டின் அதைவிடவும் குறைவாகவே கிடைக்கும். நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகளை, அதாவது செடிக்குள் உருவாகும் நைட்ரஜன் கொண்ட வேதிப்பொருட்களை, உருவாக்கும் செடி, இந்த இரண்டை மட்டும் இவ்வளவு சிக்கனமாகச் செய்வதற்கு இலையின் அமைப்பே காரணம். வின்பிளாஸ்டின் உருவாக விண்டோலின், காதரந்தின் என்ற இரண்டு ஆல்கலாய்டுகள் இணைய வேண்டும். விண்டோலின் இலையின் உட்செல்களில் தங்குகிறது. காதரந்தின் இலையின் வெளிப்பரப்பு மெழுகுக்கு வந்து சேர்கிறது. இரண்டும் சந்திக்கும் வாய்ப்பே குறைவு. அதனால்தான் ஆய்வாளர்கள் இலையிலிருந்து இந்த இரண்டையும் தனித்தனியாக எடுத்து ஆய்வகத்தில் இணைக்கும் வழிகளைத் தேடினார்கள். 2022இல் இவ்விரண்டையும் ஈஸ்ட்டில் உருவாக்கிக் காட்டிய ஆய்வு வெளிவந்தது. அது தொழிற்சாலை அளவுக்கு வந்தால் ராமநாதபுரத்து விவசாயிக்கு என்ன ஆகும் என்ற கவலையும் எனக்கு உண்டு.

22 அக்டோபர் 2023

பூ பச்சையாகப் பூக்கிறது, புது வகையா என்று மகிழ்ந்து ஒரு நண்பர் படம் இட்டிருக்கிறார். இதழ் இருக்க வேண்டிய இடத்தில் சிற்றிலைகள் கொத்தாக இருக்கின்றன. கணுக்கள் நெருங்கி, மேல் இலைகள் சிறுத்திருக்கின்றன. இது பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி தரும் நோய். தத்துப்பூச்சி ஒரு செடியில் சாறு உறிஞ்சி அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். மருந்து இல்லை. மனம் வராவிட்டாலும் வேரோடு பிடுங்கிப் பையில் கட்டி அகற்றுங்கள். எள், கத்தரி போன்றவற்றையும் இந்த வகை நுண்ணுயிரிகள் தாக்குவதால், பக்கத்தில் காய்கறித் தோட்டம் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

8 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயலின் தண்ணீர் எங்கள் பகுதியில் இன்றுதான் வடிந்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் இன்னும் வடியவில்லை என்று கேள்விப்படுகிறேன். வாசகி நலமாக இருக்கிறாரா என்று தெரிந்தால் எழுதுங்கள்.

தரையில் நின்றவை எல்லாம் போய்விட்டன. மாடியில் பாதிக்கு மேல் பிழைத்திருக்கின்றன. தொட்டிகளைச் சுவரோரமாகப் படுக்கவைத்ததுதான் காப்பாற்றியது: புயல் அறிவிப்பு வந்த அன்றே பக்கவாட்டில் சாய்த்துவிட்டால் மழை மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடும், காற்றும் கிளையை ஒடிக்காது. இரண்டு மூன்று நாள் படுத்துக் கிடப்பதால் இந்தச் செடிக்கு ஒரு குறையும் வராது. நிமிர்த்திய பிறகு மண் நன்றாகக் காயும்வரை தண்ணீரும் வேண்டாம், உரமும் வேண்டாம்.

10 டிசம்பர் 2023

வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் எல்லோரும் நலம், முதல் தளத்துக்கு ஏறியிருந்தார்களாம். தரைத்தளத்துத் தொட்டிகள் மிதந்து போய்விட்டன. விதை என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். மாமியார் பூ மெல்வதை மே மாதமே நிறுத்திவிட்டார் என்ற வரியைப் படித்தபோது மனம் நிறைந்தது.

21 ஜனவரி 2024

நேற்று வந்த ஒரு கேள்விக்கு இரவெல்லாம் யோசித்து எழுதுகிறேன். தம் ஆறு வயது மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்றும், சிகிச்சையில் வின்கிரிஸ்டின் ஏற்றுகிறார்கள் என்றும், அது நித்திய கல்யாணியிலிருந்து வருவது என்று இந்தப் பக்கத்தில் படித்ததால் வீட்டிலேயே இலைச்சாறு கொடுத்தால் மருந்துக்குத் துணையாக இருக்குமா என்றும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார்.

கூடாது ஐயா. ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். மருத்துவர்கள் உங்கள் மகனின் உடற்பரப்பைக் கணக்கிட்டு மருந்தை அளந்திருக்கிறார்கள். வின்கிரிஸ்டின் மிகுந்தால் நரம்பைப் பாதிக்கும்: கை கால் மரத்துப்போகும், கால் பாதம் தொங்கும், கடும் மலச்சிக்கல் வரும். இலைச்சாற்றில் உள்ள மற்ற ஆல்கலாய்டுகள் வெள்ளை அணுக்களை மேலும் குறைத்தால் சிறு காய்ச்சலும் ஆபத்தாகும். சில பூஞ்சைக்கொல்லி மாத்திரைகளோடு சேர்ந்தாலே இம்மருந்தின் வீரியம் உடலில் கூடிவிடும் என்பதால், எந்தப் புது மாத்திரையையும் நாட்டு மருந்தையும் அவர்களிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம். அவனுக்கு நடை தடுமாறினாலோ பொத்தான் போடச் சிரமப்பட்டாலோ அடுத்த ஊசிக்கு முன் மறக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இந்த மருந்துகள் வருவதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகளில் பிழைத்தவர்கள் மிக அரிது. இன்று பெரும்பாலான குழந்தைகள் குணமாகிறார்கள். சிகிச்சையை நடுவில் விட்டுவிடாமல் முடிப்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 முதல் இந்த நகரத்தில் இயங்குகிறது. அரசு மருத்துவமனைகளிலும் காப்பீட்டுத் திட்டத்திலும் உதவி உண்டு. செலவைப் பற்றிய தயக்கம் இருந்தால் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

பையனுக்குப் பிடிக்குமானால் செடியை வளர்க்கட்டும், தவறில்லை. ஆனால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் மண்ணைக் கிளற வேண்டாம். அவன் பார்க்க, நீங்கள் நடுங்கள்.

25 பிப்ரவரி 2024

கவாத்துக்கு இதுவே காலம். பல்லாண்டுச் செடிதான் என்றாலும் இரண்டு மூன்று ஆண்டில் அடி மரம்போல் முற்றிப்போய், கிளைகள் வெறுமையாகி, நுனியில் மட்டும் பூக்கும். மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டினால் வெயில் ஏறும்போது அடியிலிருந்து தழைத்து வரும். வெட்டிய கிளைகளில் பூவில்லாத, பாதி முற்றிய தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, கீழ் இலைகளை நீக்கி, வெறும் மணலில் நிழலில் ஊன்றினால் வேர் பிடிக்கும். நிறம் மாறாமல் பெருக்க இது ஒன்றே உறுதியான வழி. விதையில் வருபவை வெள்ளையும் ரோஜா நிறமுமாகக் கலந்து வரும்.

திருவான்மியூர் கடற்கரையை ஒட்டிய வீட்டில் உப்புக்காற்றுக்கு நிற்குமா என்று கேட்டவருக்கு: நிற்கும். அங்குள்ள மணல் மண்ணே இதற்கு ஏற்றது, எரு மட்டும் சிறிது சேருங்கள். மார்ச் நடுவில் விதைத்தால் ஜூனில் பூ பார்க்கலாம். பெருமழைக்கு முன் தண்டு முற்றிவிடும். ஐப்பசியில் விதைப்பதைத் தவிருங்கள். அந்த ஈரத்தில் நாற்றங்காலே அழுகும். விதை வேண்டுவோர் தனிச் செய்தியில் முகவரி அனுப்புங்கள். இருப்பது இரண்டு நிறமும் கலந்த ஒரு சிறு டப்பா, தீரும்வரை அனுப்புகிறேன்.